அயர்லாந்தில் கண்ட்ரி பாடகர்களைக் கொண்டாடுபவர்களும் வெறுப்பவர்களும்

டப்ளினில் ஓராண்டாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் மேயோ கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வந்த எழுபது வயது அம்மையார். சமையலறைச் சுவரில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்கும் அதன் கீழ் எரியும் சிறிய சிவப்பு விளக்குக்கும் பக்கத்திலேயே, கண்ட்ரி பாடகர் டேனியல் ஓ'டானல் கையெழுத்திட்டுக் கொடுத்த புகைப்படத்தை அவர் மாட்டி வைத்திருக்கிறார். அந்தப் பெயரை அலுவலகத்தில் சொன்னபோது உடன் வேலை செய்பவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் எரிச்சலே பட்டிருக்கிறார். நண்பரும் பாடல்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இனிமையான குரல் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. "இவர் நல்ல பாடகர்தானா? ஒரு பாடகருக்காக இப்படி உருகுவதும் இப்படி எரிச்சல்படுவதும் எதனால்? அந்த அம்மா என்னை ஒரு நடன இரவுக்கு அழைக்கிறார், போகலாமா?" என்பவை அவருடைய கேள்விகள். முதல் கேள்வி குரலைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவருக்கு உண்மையில் விடை வேண்டியிருப்பது இரண்டாவதற்குத்தான்: ஒரே நாட்டில், ஒரே பாட்டு, ஒருவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் பெறுவதும் இன்னொருவருக்கு வெட்கமாக இருப்பதும் எப்படி?

நான் மதுரையில் மெல்லிசைக் குழுக்களுக்கு மைக் செட் போட்டுத் தொழில் பழகியவன். பதினெட்டு ஆண்டுகளாக அயர்லாந்தின் நடுப்பகுதியிலும் வடமேற்கிலும் ஒலியமைப்பாளராக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் ஓட்டல் கூடங்களில் கண்ட்ரி குழுக்களுக்கு ஒலி கலந்து கொடுத்திருக்கிறேன். ஆகவே நடனக் கூடத்துக்குள் நடப்பதை என் கண்ணால் கண்டதாகச் சொல்ல முடியும். பழைய வரலாறு நான் படித்தும், ஒலிமேசை அருகே வந்து உட்காரும் முதியவர்களிடம் கேட்டும் அறிந்தது. விமர்சகர்களை அவர்களுடைய எழுத்தின் வழியாகவும் என் தொழிலில் இருக்கும் ராக் இசைக்காரர்களின் பேச்சின் வழியாகவுமே அறிவேன். அவர்களைப் பற்றி நான் சொல்வதில் என் சார்பு கலந்திருக்கும், படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

'கண்ட்ரி இசை' என்றதும் நம்மில் பலர் நாட்டுப்புற இசை என்று எடுத்துக்கொள்கிறோம். அயர்லாந்தில் அப்படி எடுத்துக்கொண்டால் இந்தச் சண்டையே புரியாது. ஃபிடிலும் குழலும் பௌரான் என்னும் தோற்கருவியும் சேர்ந்த ஐரிஷ் மரபிசை தனி வழி. அதற்கென்று 1951-இல் தொடங்கிய கோல்தஸ் என்ற அமைப்பும், போட்டிகளும், ஆசிரியர்களும் உண்டு. கண்ட்ரி என்பது 1920-களிலிருந்து அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இசைத்தட்டுத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த பாட்டு. அது அயர்லாந்துக்கு வந்து, அக்கார்டியனையும் இணைநடனமான வால்ட்ஸின் நடையையும் உள்ளூர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டு மாறியதைத்தான் 'கண்ட்ரி அண்டு ஐரிஷ்' என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்பவர் பெருமையாகச் சொல்கிறாரா, மட்டம் தட்டுகிறாரா என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

இந்த இசை வேரூன்றியது நடன அரங்குகளில். 1935-இல் வந்த பொது நடன அரங்குச் சட்டம், உரிமம் பெறாத இடத்தில் பொது நடனம் கூடாது என்றது. வீட்டு அடுக்களைகளிலும் நாற்சந்திகளிலும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தேவாலயப் பங்குக் கூடங்களுக்கும், பின்னர் தனியார் அரங்குகளுக்கும் போனார்கள். வீட்டு நடனங்களைச் சட்டம் மட்டுமே ஒழித்ததா, பாதிரியார்களின் கண்டிப்பும் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனதும் சேர்ந்து ஒழித்தனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மக்கள் அரங்குகளுக்கு நகர்ந்தார்கள் என்பதில் இல்லை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1970-கள் வரை அந்த அரங்குகளை ஆண்டவை ஷோபேண்டுகள். ஒரே மாதிரி கோட்டு அணிந்த ஏழெட்டுப் பேர், ஊதுகருவிகள், நடுவில் ஒரு பாடகர், அன்றைய வெற்றிப் பாடல்களை அப்படியே வாசிக்கும் வழக்கம். ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் என்பவரும் அவருடைய அண்ணனும் நாட்டின் நடுப்பகுதியில் இத்தகைய அரங்குகளை வரிசையாகக் கட்டிச் சம்பாதித்தார்கள். அந்த ரெனால்ட்ஸ்தான் 1992-இல் நாட்டின் பிரதமரானார். அரங்குகளில் மது கிடையாது, தேநீரும் சோடாவும்தான். ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம் நிற்பார்கள். மூன்று பாட்டு ஒரு சுற்று, சுற்று முடிந்தால் இணை மாறலாம். தவக்காலத்தில் அரங்குகள் அடைக்கப்பட்டதால் குழுக்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய் அங்கிருந்த ஐரிஷ்காரர்களுக்கு வாசித்தன. இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் ஆயிரக்கணக்கான தம்பதியர் ஒருவரையொருவர் முதலில் பார்த்தது அந்தச் சுவர்களுக்கு நடுவே இருந்த தரையில்தான். நண்பரே, உங்கள் வீட்டு உரிமையாளரான அம்மாவிடம், அவரும் கணவரும் எங்கே சந்தித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஷோபேண்டுகள் ராக் அண்டு ரோலும் வாசித்தன. அப்படியிருக்க, கடைசியில் நிலைத்து நின்றது கண்ட்ரியாக இருந்தது ஏன்? 1963-இல் அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் அயர்லாந்தைச் சுற்றிப் பாடினார். நம் பக்கத்திலும், குறிப்பாக இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மூத்த தலைமுறைக்குத் தெரிந்த அதே மென்குரல்தான். கிராமத்து அரங்குகளின் பியானோக்கள் சுருதி கெட்டுக் கிடந்ததாக அவர் மிகவும் சலித்துக்கொண்டார், ஆனால் கேட்டவர்கள் அந்தக் குரலை விடவில்லை. மறு ஆண்டு அவர் விமான விபத்தில் இறந்ததும், லாங்ஃபோர்ட் கவுண்டியின் கிரனார்டைச் சேர்ந்த லாரி கன்னிங்ஹம் அவருக்கு அஞ்சலியாகப் பாடிய இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. பின்னர் அவர் அயர்லாந்தில் முதலிடம் பெற்றதோ லீட்ரிம் கவுண்டியைப் பற்றிய ஒரு பாட்டுக்காக. அதை எழுதியவர் அங்கிருந்து நியூயார்க்குக்குப் போய்க் காவலராக வேலை பார்த்தவர். அமெரிக்க நடையும், விட்டுவந்த ஊரின் பெயரும், ஏக்கமும் சேர்ந்த அந்தக் கலவையே இந்த இசையின் அச்சு. 1950-களில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சம்தான். ஒரு பிள்ளையாவது கடல் தாண்டாத வீடு மேற்குக் கவுண்டிகளில் அரிது. 1966-இல் மோனகன் கவுண்டியின் காசல்பிளேனியைச் சேர்ந்த பிக் டாம் மெக்பிரைட், ஆடம்பரம் எதுவும் இல்லாமல், சற்று மூக்கால் பாடும் குரலில், மறைந்த தாயை நினைத்துப் பாடும் ஒரு பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார். அன்றிலிருந்து 2018-இல் இறக்கும்வரை அவர்தான் இந்த மக்களுக்கு அரசர். லண்டனின் கிரிக்கில்வுட்டில் இருந்த கால்டிமோர் அரங்கு 2008-இல் மூடப்படும்வரை, கட்டடத் தொழிலாளர்களும் செவிலியரும் வார இறுதிகளில் அவரைப் போன்றவர்களைக் கேட்டு ஆடிய இடம் அது.

"கண்ட்ரி எங்களிடமிருந்து போனதுதான், வீடு திரும்பியிருக்கிறது" என்று ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்கள். இதில் பாதி உண்மை. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் 18-ஆம் நூற்றாண்டில் போன குடியேறிகளின் கதைப்பாடல்களும் ஃபிடில் மெட்டுகளும் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி இசையில் கலந்திருப்பது ஐயமற்றது. அந்த இசைக்குப் பாஞ்சோவையும் புளூஸையும் கொடுத்த கறுப்பின மக்களின் பங்கும் அதே அளவு ஐயமற்றது. வீடு திரும்பிய கதையில் அது விடுபட்டுப் போகிறது. மேலும், 1960-களின் ஐரிஷ் கிராமங்கள் கண்ட்ரியைப் பெற்றது பாட்டன் வழியாக அல்ல, வானொலியிலும் அமெரிக்க உறவினர் கொண்டுவந்த இசைத்தட்டுகளிலும்தான். ஆனாலும் அந்தச் சொந்த உணர்வு பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1959-இல் அயர்லாந்துக்கு வந்துபோன நினைவில் அந்நாட்டின் பச்சையைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். பின்னொரு முறை அதை அயர்லாந்தில் பாடியபோது, அது பழைய ஐரிஷ் நாட்டுப்பாடல் என்று ஒருவர் தம்மிடமே சொன்னதாக அவர் மகிழ்ச்சியோடு கூறுவதுண்டு. ஒரு பாட்டு அவ்வளவு விரைவில் ஊரார் பாட்டாகிவிடும் இடம் அது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், லாங்ஃபோர்ட் பக்கம் ஓர் ஓட்டல் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒலிமேசையில் இருந்தேன். ஏழரை மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் பிளாஸ்டிக் பையிலிருந்து தோல் அடி வைத்த நடனக் காலணியை எடுத்து மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் தரையில் முகப்பவுடரைத் தூவிக் காலால் பரப்பினார், வழுக்கிச் சுழல்வதற்காக. குழுவின் கிட்டார்க்காரர் நல்ல விரல்காரர். அவருடைய தனி வாசிப்பு வந்தபோது நான் பழக்கத்தில் கிட்டாரைத் தூக்கி மற்றவற்றைச் சற்று இறக்கினேன். அரை நிமிடத்தில் தரையில் இருந்த அறுபது இணைகளின் சுழற்சி குலைந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வியர்வையைத் துடைத்தபடி நேரே என்னிடம் வந்து, "தம்பி, கிட்டாரை நாளைக்குக் கேட்டுக்கொள்கிறோம், எங்களுக்கு டிரம்மைக் கொடு" என்றார். கோபம் இல்லை, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் சொல்லும் தொனி. பேஸ் கிட்டாரில் ஒன்றாம் ஐந்தாம் சுரங்கள் மாறி மாறி வரும் நடையும் ஸ்நேர் டிரம்மின் எதிரடியும் தெளிவாக இருக்க வேண்டும், சொற்கள் ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும், சுவரோரம் இருப்பவர்கள் கத்தாமல் பேசும் அளவுக்கு ஒலி அடங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றும் அன்று எனக்குப் பாடமாயின. ஜைவ் என்னும் சுழல் நடனம் ஆடுபவர் முன்கூட்டியே அறிந்த மெட்டில்தான் துணிந்து சுழல முடியும். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டையே மறுபடி மறுபடி வாசிப்பது இங்கே சோம்பல் அல்ல; தைக்கத் தெரிந்தவர் பழகிய கத்தரியைக் கேட்பது போன்ற தேவை. இதே பாட்டை ஒருவர் ஹெட்ஃபோனில் தனியே உட்கார்ந்து கேட்டால், நண்பருக்குத் தோன்றியதுபோல, ஒன்றும் பிடிபடாமல் போவது இயல்பே. பாதிப் பாட்டு தரையில் இருக்கிறது.

மீதிப் பாதி பாடகரின் நடத்தையில் இருக்கிறது. இதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். டேனியல் ஓ'டானல் 1961-இல் டோனிகால் கவுண்டியின் கின்காஸ்லா என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்குப் பருவகால வேலைக்குப் போய்வந்தவர். டேனியலுக்கு ஆறு வயதிருக்கும்போது இறந்துவிட்டார். அக்காள் மார்கோ அதற்கு முன்பே சிறுவயதில் பாடத் தொடங்கிப் புகழ்பெற்றவர். தம்பி அவருடைய குழுவில் நின்று பழகி, 1983-இல் தம் சொந்தச் செலவில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1988-இலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டு தவறாமல் அவருடைய ஆல்பம் ஒன்றாவது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்று வந்திருக்கிறது. இந்த எண்களைவிட ரசிகர்கள் முதலில் சொல்வது வேறொன்று: நிகழ்ச்சி முடிந்தபின் கடைசி ஆள் போகும்வரை நின்று பேசுவார், முன்பு பார்த்தவர்களின் முகத்தையும் பெயரையும் நினைவில் வைத்திருப்பார், முன்பெல்லாம் கோடைகாலத்தில் தம் ஊர் வீட்டில் ரசிகர்களுக்குத் தேநீர் கொடுத்துவந்தார். அந்தத் தேநீருக்கு ஆயிரக்கணக்கானோர் பேருந்துகளில் வந்து வரிசையில் நின்றார்கள். தாயார் ஜூலியாவும் உடனிருந்து உபசரித்தார். நான் ஒலி பார்த்த இன்னொரு பாடகரைப் பற்றி, பெயர் வேண்டாம், ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "என் மனைவியின் அடக்கத்துக்கு அவர் வந்தார். நூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் நின்று, கையைக் குலுக்கிவிட்டுப் போனார்." பாட்டு எப்படி என்று நான் கேட்டதற்கு அந்த விவசாயி கொடுத்த விடை அதுதான். அயர்லாந்துக் கிராமத்தில் ஒருவர் அடக்கத்துக்கு வந்தாரா வரவில்லையா என்பது தலைமுறைக்கும் நினைவில் நிற்கும் கணக்கு. ரசிகர் அங்கே நடத்தையை அளக்கிறார். விமர்சகர் படைப்பை அளக்கிறார். இரண்டு அளவுகோல்களும் ஒரே மனிதர் மேல் வைக்கப்படுவதால்தான், இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்ப முடியாமல் நிற்கிறார்கள்.

விமர்சகர்களின் தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒரே கூட்டமும் அல்ல. மரபிசைக்காரர்களின் வருத்தம் மிகப் பழையது: சொந்த மெட்டுகள் குவிந்து கிடக்கும் நாட்டில், அமெரிக்க உச்சரிப்பைக் கடன்வாங்கி, அமெரிக்காவின் டென்னஸியைப் பற்றிப் பாடி ஏன் ஆட வேண்டும்? 1970-களில் எழுந்த ராக் தலைமுறையின் கோபம் இன்னும் கூர்மையானது. அடுத்தவர் பாட்டை நகலெடுத்து அரங்கு உரிமையாளர்கள் பணம் பண்ணிய அமைப்பு, சொந்தமாக எழுத நினைத்த இளைஞர்களை மூச்சுவிட விடவில்லை என்றார்கள். பின்னர் ராக் இசையில் புகழ்பெற்ற வான் மாரிசனும் ரோரி கல்லாகரும் ஷோபேண்டுகளில் வாசித்துத் தொடங்கியவர்கள்தாம். தங்கள் இசையைக் கண்டடைய அவர்கள் அவற்றை விட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. மூன்றாவது கூட்டம் பாட்டின் உள்ளடக்கத்தைக் குறை சொல்கிறது. தாய், வீட்டு வாசல், செபமாலை, ஊர்ச் சாலை என்று பாட்டுகள் காட்டும் அயர்லாந்தில், பிள்ளைகளைக் கப்பலேற்றிய வறுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே எழுவதில்லை. மணவிலக்கு 1986 வாக்கெடுப்பில் தோற்று, 1995-இல் பாதிக்குச் சற்றே மேலான வாக்குகளால் (50.28 விழுக்காடு) வென்ற நாட்டில், அந்த மாற்றத்துக்காகப் போராடியவர்களுக்கு இந்த இனிய குரல் பழைய அயர்லாந்தின் குரலாகவே கேட்டது. நானும் ஒரு குறையைச் சேர்ப்பேன். ஆள்செலவைக் குறைக்க, முன்கூட்டிப் பதிந்த இசையை ஓடவிட்டு மேடையில் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்து வந்த ஆட்டக்காரர்களுக்கு அது செய்யும் துரோகம். அதை ரசிகர்களே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.

இவ்வளவும் இசையைப் பற்றிய விமர்சனம். அலுவலகத்தில் எழுந்த சிரிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. டப்ளின்காரர்கள் வெளியூர்க்காரரைக் 'கல்ச்சி' என்பார்கள். நம் ஊரில் பட்டிக்காட்டான் என்ற சொல்லுக்கு எத்தனை தொனி உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு, நட்பாகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். கண்ட்ரி இசை அந்தச் சொல்லின் ஒலிவடிவமாகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில், அமைச்சராக இருந்த ரெனால்ட்ஸ் கௌபாய் தொப்பியோடு தொலைக்காட்சியில் தோன்றி ஜிம் ரீவ்ஸின் பாட்டு ஒன்றைப் பாடினார். அந்தக் காட்சி அவரை விடவேயில்லை; அவருடைய ஆதரவாளர்களான ஊர்ப்புற உறுப்பினர்களைக் 'கண்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' கூட்டணி என்று கட்சிக்குள்ளும் செய்தித்தாள்களிலும் எழுதினார்கள். இசைவகையின் பெயரே 'இவர்கள் நாடாளத் தகுந்தவர்கள் அல்லர்' என்பதைச் சொல்லும் குறிச்சொல்லானது. மறுபக்கத்தில், தேசிய வானொலி தங்களைப் புறக்கணித்ததாக ரசிகர்கள் நெடுநாள் குறைப்பட்டார்கள். 1989 முதல் உரிமம் பெற்று வந்த உள்ளூர் வானொலிகள்தாம், மேயோவின் மிட்வெஸ்டும் டோனிகாலின் ஹைலேண்டும் போன்றவை, இரங்கல் அறிவிப்புகளையும் கால்நடைச் சந்தை விலைகளையும் கண்ட்ரி பாட்டுகளையும் ஒரே மூச்சில் கொடுத்தன. சிரிப்பவர்களில் பலர் அந்த வீடுகளிலிருந்தே டப்ளினுக்குப் படிக்க வந்தவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். தாத்தா வீட்டுச் சமையலறையில் ஓடிய வானொலியின் வாடை தம்மேல் இன்னும் அடிக்கிறதோ என்ற கூச்சம் அந்தச் சிரிப்பில் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆனால் திருமண வரவேற்புகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் அதே டப்ளின் அலுவலர்கள் எல்லா வரிகளையும் தப்பில்லாமல் பாடி ஜைவ் ஆடுவதை ஒலிமேசையிலிருந்து பலமுறை கண்டபின் வந்த ஊகம்.

பிரிட்டனின் ஆட்சியில் உள்ள, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் பல ஆண்டுகள் மோதிக்கொண்ட வடக்கு அயர்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பக்தியின் ஆழம் விளங்காது. 1975 ஜூலை 31 அன்று பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளின் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் மூவரை ஆயுதக்குழு ஒன்று சாலையில் நிறுத்திக் கொன்றது. அதன்பின் எல்லை தாண்டி இரவில் வேன் ஓட்ட இசைக்காரர்கள் அஞ்சினார்கள். வெளிநாட்டுப் பாடகர்களும் பெல்ஃபாஸ்டைத் தவிர்த்தார்கள். 1976-இல் அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் சார்லி பிரைட் அங்கே வந்து பாடினார். மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்த அந்தக் கறுப்பினப் பாடகரின் முன் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். 'எல்லோரும் பயந்தபோது வந்தவர்' என்று இன்றும் டைரோன், ஃபெர்மனா பக்கத்துப் பெரியவர்கள் அவரைச் சொல்லும்போது குரல் மாறும். டைரோனின் பொமராயைச் சேர்ந்த ஃபிலோமினா பெக்லி அந்தக் கலவர ஆண்டுகள் முழுவதும் இரு சமூகத்தாருக்கும் பாடியவர். பெண்களுக்கு மேடையில் முதல் பெயர் எளிதில் கிடைக்காத தொழிலில் அவர் நின்ற உறுதி தனியே எழுதத் தக்கது.

ரசிகரும் விமர்சகரும் நாடு பார்க்க நேருக்கு நேர் நின்றது 2014-இல். அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் 1994-இல் டப்ளினின் பாயிண்ட் அரங்கில் எட்டு இரவுகளும், 1997-இல் குரோக் பார்க் மைதானத்தில் மூன்று இரவுகளும் பாடியவர். 2014 ஜூலையில் அதே மைதானத்தில் ஐந்து இரவுகளுக்கு 4 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. குடியரசின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 46 லட்சம். அந்தக் கோடையில் ஏற்கெனவே மூன்று இசை நிகழ்ச்சிகளைத் தாங்கியிருந்த சுற்றுவட்டாரத் தெருக்களின் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். நகர மன்றம் மூன்று இரவுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஐந்தும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்றார் புரூக்ஸ், ஐந்தும் ரத்தாயின. மெக்சிகோ தூதர் சமரசம் பேச முன்வந்தார், நாடாளுமன்றக் குழு விசாரித்தது. குடியிருப்பாளர்களின் புகாரை இசை வெறுப்பாகப் பார்ப்பது தவறு. வாசல் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு யார் பாடினாலும் ஒன்றுதான். ஆனால் அந்த வாரங்களில் டிக்கெட் வாங்கியவர்களின் தொப்பியையும் பேச்சையும் பற்றி எழுந்த கேலி இசையையும் ஊரையும் பற்றியது. ஓட்டல் கூடத்தில் அந்த ஜூலையில் நான் கேட்டதெல்லாம் ஒரே வரி: "வேறு யாராக இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள்." அது உண்மையா என்பதை நான் நிறுவ முடியாது, அதை நம்பினார்கள் என்பதற்கு நான் சாட்சி. 2022 செப்டம்பரில் அவர் திரும்பி வந்து அதே மைதானத்தில் ஐந்து இரவுகள் பாடினார். மறுபடியும் 4 லட்சம் டிக்கெட்டுகள்.

அதே 2022-இல் மீத் கவுண்டியிலிருந்து வந்த சிமாட் என்ற இளம் பாடகியின் முதல் ஆல்பம் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது. கண்ட்ரியின் அழுகையையும் அலங்காரத்தையும் எடுத்துத் தம் சொந்தச் சொற்களில் எழுதும் அவரை, ஓ'டானலை ஏற்காத விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். கண்ட்ரி என்ற இசைமேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாட்டைத் தாமே எழுதுபவரை அவர்களுடைய அளவுகோல் எளிதில் ஏற்கும். தெரிந்த பாட்டைத் தெரிந்தவர்களுக்காக நன்றாகப் பாடும் தொழிலை அளக்க அதில் கோடுகள் இல்லை. இடையில், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின்னான ஆண்டுகளில், லிவர்பூலில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்த நேதன் கார்ட்டர் போன்றவர்களைச் சுற்றி இருபது வயதுக்காரர்களும் ஜைவ் கற்றுக்கொண்டு வந்தார்கள். மீண்டும் தொடங்கிய குடிப்பெயர்வு பழைய பாட்டுகளுக்குப் புதிய பொருள் கொடுத்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அருகிலிருந்து பார்த்தவரை, காரணம் அதைவிட எளிது: ஊரில் இருந்துவிட்ட இளைஞர்களுக்கு ஆணும் பெண்ணும் குடிமயக்கம் இல்லாமல் சந்திக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: ஓ'டானல் சுருதி பிசகாத, சொல் தெளிவான, தம் தொழிலை மதிக்கும் நல்ல பாடகர், புதிய வழி திறந்த கலைஞர் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதாக நான் கேட்டதில்லை. நடன இரவுக்கு அவசியம் போங்கள். ரப்பர் அடி வைத்த காலணி வேண்டாம், தரையில் கால் சுழலாது. யாராவது ஆட அழைத்தால் மறுக்காதீர்கள். தெரியாது என்று சொன்னால் அவர்களே இடுப்பையும் கையையும் சரியாக வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். சில ஊர்களில் மூன்று பாட்டுச் சுற்று இன்னும் உண்டு, முடிந்ததும் நன்றி சொல்லி இணையை அவருடைய இடம்வரை கொண்டுபோய் விடுவது மரியாதை. வால்ட்ஸ் வரும்போது வீட்டுக்காரம்மாவை நீங்கள் அழையுங்கள். கடைசியில் குழு தேசிய கீதம் வாசித்தால், வியர்வையோடு எல்லோரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அதன்பின் பாடகர் மேடையை விட்டு இறங்கி வருவார். அந்த அம்மா வரிசையில் நிற்கப் போவார், உடன் நின்று, அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.